மானுக்கு விதைத்த எட்டுப் பரப்பு

ஒழுங்கையில் பாதித் தூரம் வந்த பிறகுதான் குறடு இன்னும் என் ஜாக்கெட் பைக்குள் இருப்பது தெரிந்தது. வேலிக் கம்பி வெட்டுகிற குறடு. காணிக்காரருடையது. திரும்பிப் போய் வைத்துவிட்டு வந்திருக்கலாம். திரும்பினால் மேட்டுக் காணியைத் தாண்டித்தான் போகவேண்டும். அதை இன்னொரு முறை பார்க்க எனக்கு விருப்பமில்லை. நடந்தேன்.

தோளில் ஒரு பை. கையில் போர்வையும் கேத்திலும் போட்ட இன்னொரு பை. சப்பாத்து பனியில் ஊறிக் கனத்தது. ஏப்ரல் மாதக் காலை. லண்டன் முடிகிற இடம் அது. ஒரு பக்கம் வயல், மறுபக்கம் காடு, காட்டுக்கு அங்கால் மோட்டர்வே இரைச்சல். பஸ்ஸைப் பிடித்து ரொம்ஃபோர்ட், அங்கிருந்து ரயிலில் இல்ஃபோர்ட். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

இடங்களை விட்டு நடந்து போவது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு கொழும்பு, டோகா, பாரிஸ். லண்டனுக்கு வந்து டூட்டிங்கில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினி, சட்டனில் கார் கழுவும் இடம். ஓரிடத்தில் கூடுதலாக நின்றது இந்தக் காணியில்தான். மூன்று வருடத்துக்குக் கிட்ட. படுக்க ஒரு கரவன் தந்தார்கள், சக்கரத்தில் நிற்கிற சின்ன வீடு. கூரை ஒழுகாது. அதனால் நின்றேன்.

காணிக்காரரை அண்ணை என்றும் அவருடைய மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். இல்ஃபோர்டில் பல வருடம் பலசரக்குக் கடை வைத்திருந்தவர்கள். கடையை விற்று இந்தக் காணியை வாங்கினார்கள், வீடு இல்ஃபோர்டிலேயே. நான்கு ஏக்கர். அண்ணை ஒருநாளும் ஏக்கரில் சொல்லமாட்டார். யாழ்ப்பாணத்துக் கணக்கில் ஒரு ஏக்கர் பதினாறு பரப்பு, ஆகவே "அறுபத்து நாலு பரப்பு" என்பார். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரும். கீழ்க்காணியில் பீட்ரூட், போஞ்சி, கோவா, லீக்ஸ். பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் கத்தரியும் மிளகாயும். மண்ணைப் பார்ப்பது அண்ணையும் நானும். மற்ற எல்லாம் அக்கா. எந்தக் கடைக்கு எந்த நாள் என்ன போகவேண்டும், எந்தக் கடைக்காரன் வாடிய இலையைக் கண்டால் திருப்பி அனுப்புவான் என்பதெல்லாம் அவவுக்குத்தான் தெரியும். கட்டுக் கட்டுவது, கழுவுவது, பெட்டியில் அடுக்குவது அவவுடைய கை. அவ இல்லாவிட்டால் அந்தக் காணியில் விளைவது காணியிலேயே கிடந்து அழுகவேண்டியதுதான். அண்ணைக்கும் அது தெரியும்.

நான் போன முதல் கோடையில் மான் வந்தது. காட்டிலிருந்து கூட்டமாக வரும். புள்ளி போட்ட மான். போஞ்சிக் கொடியின் நுனி எல்லாம் போய்விடும். பீட்ரூட்டில் இலையைத் தின்றுவிட்டுக் கிழங்கை மண்ணில் விட்டுவிடும். ஒரு காலையில் மூன்று வரிசை அப்படி நின்றது. மொட்டை அடித்தது மாதிரி.

அடுத்த காணியில் வைக்கோல் கட்டி விற்கிற ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். அறுபது வயது இருக்கும். கதை குறைவு. லைசன்ஸ் வைத்திருக்கிற ஒரு சூட்டுக்காரனைத் தனக்குத் தெரியும் என்றும், இரண்டைச் சுட்டால் மற்றவை அந்தப் பக்கம் வராது என்றும் அவர் சொன்னார். அண்ணைக்குச் சரியாகப் பட்டது. அக்கா பீட்ரூட் கழுவிக்கொண்டிருந்த தொட்டியிலிருந்து கையை எடுத்தா.

"துவக்குச் சத்தம் கேக்காத இடம் எண்டுதான் இஞ்சை வந்தது. இந்தக் காணிக்குள்ளை ஒரு வெடி வெடிச்சுதெண்டால், அதுக்குப் பிறகு நான் இஞ்சை கால் வைக்கமாட்டன்."

"அது மானுக்கப்பா. மனிசருக்கே?"

"சத்தம் ஒண்டுதான்."

அவ திரும்பத் தொட்டிக்குள் கையை விட்டா. வன்னியில் போரின் கடைசி நாள் வரை நின்றவ என்று எனக்குத் தெரியும். எப்படி நின்றா, யாரோடு நின்றா என்று நான் கேட்டதில்லை. என்னையும் அவ கேட்டதில்லை. அது எங்களுக்கிடையில் வசதியாக இருந்தது.

அப்போதுதான் வெள்ளைக்காரர் மற்ற வழியைச் சொன்னார். காட்டோரமாக மேட்டில் சும்மா கிடக்கிற துண்டில் மானுக்கென்றே ஒன்றைப் போடுங்கள், காட்டிலிருந்து இறங்கும்போது அதுதான் முதலில் வாயில் படவேண்டும், அது கீழே இருப்பதைவிட ருசியாக இருந்தால் அங்கேயே நிற்கும் என்றார். லூசேர்ன் என்று பெயர் சொன்னார். ஒரு தரம் பிடித்தால் ஐந்தாறு வருடம் நிற்கும், வெட்ட வெட்டத் தளிர்க்கும், ஆனால் பிடிக்க வைப்பதுதான் பாடு என்றும் சொன்னார்.

மரக்கறி ஏற்ற வருகிற வான்காரத் தம்பி கோயம்புத்தூர்ப் பக்கம். விதைப் பையில் இருந்த படத்தைப் பார்த்ததும் சிரித்தான்.

"அண்ணே, இது குதிரைமசால். எங்க ஊர்ல மாட்டுக்குப் போடுவாங்க. நீங்க மானுக்கா போடப் போறீங்க?"

"ஓம். பால் கறக்கப் போறம்," என்றார் அண்ணை.

அப்படித்தான் தொடங்கியது. பயிர் எழும்ப ஒரு வருடம், மான் அதற்குப் பழக ஒரு கோடை. அதுவரை கீழே போவது போகட்டும் என்று அண்ணை ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் மான் கீழே இறங்கினால் சூட்டுக்காரனைக் கூப்பிடுவேன் என்றார். அக்கா தலையாட்டவில்லை. மறுக்கவும் இல்லை. மேட்டுத் துண்டின் எட்டுப் பரப்புப் பயிரில் முழுக் காணியும் தொங்கிக்கொண்டிருந்தது. என் கரவனும் அதில்தான்.

முதலில் மண். மண்ணைச் சோதித்தபோது புளிப்பு என்று வந்தது. புளித்த மண்ணில் இந்தப் பயிர் வேர் ஓடாது. சுண்ணாம்பு போடவேண்டும், அதுவும் விதைக்க ஆறு மாதம் முந்தியே. வெள்ளைக்காரர் சுண்ணாம்புத் தூளைக் குவியலாகக் கொண்டுவந்து கொட்டினார். நானும் அண்ணையும் மண்வெட்டியால் வீசினோம். காற்று எங்கள் பக்கம் திரும்பியது. வேலை முடியும்போது இரண்டு பேரும் பேய் மாதிரி நின்றோம். மூக்குக்குள், கண்மடலுக்குள், எல்லா இடத்திலும் எரிந்தது. அக்கா வந்து பார்த்துவிட்டு, "வெத்திலை மட்டும்தான் குறை," என்று சொல்லிப்போட்டுப் போனா.

இளவேனிலில் உழுது, கட்டி உடைத்து, மண்ணை மாவாக்கினோம். அண்ணை பாத்தி கட்டி வாய்க்கால் வெட்ட நினைத்தார். யாழ்ப்பாணத்தில் வெங்காயம் செய்த கை அது, பாத்தி இல்லாமல் விதையை மண்ணில் விட அதற்கு மனம் வராது. லண்டன் களிமண்ணில் வாய்க்கால் வெட்டினால் குளம்தான் வரும். இந்தப் பயிரின் கால் தண்ணீரில் நின்றால் அழுகிவிடும். அதற்கும் அந்த மேடுதான் தோது. இரண்டு நாள் அண்ணை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு பாத்தியை விட்டார்.

விதை கடுகளவுதான் இருக்கும். அதோடு ஒரு கறுப்புத் தூளும் வந்தது. வேரில் குடியிருந்து காற்றிலிருந்து பசளை பிடித்துத் தருகிற நுண்ணுயிர் என்று பையில் போட்டிருந்ததாம். சீனித் தண்ணீர் தெளித்து விதையில் அந்தத் தூளைப் பிரட்டினோம், வெயில் படாமல், கரவனின் நிழலில். பிறகு ஈர மணல் கலந்து கையால் விசிறினோம். மணல் கலந்தால் சின்ன விதை ஓரிடத்தில் குவியாது. அண்ணை முன்னும் பின்னும் குறுக்கும் நெடுக்குமாக நடந்து விசிறினார். அந்த நடையைப் பார்த்தால் இல்ஃபோர்டில் கல்லாவில் இருந்த மனிதன் என்று சொல்லமாட்டீர்கள். ஆழத்தில் போகக்கூடாது, மேலேயே கிடக்கவேண்டும், ஆனால் மண்ணோடு இறுக ஒட்டவேண்டும். உருளை இல்லை. பீப்பாய்க்குள் தண்ணீர் நிரப்பிக் கயிறு கட்டி மாடு மாதிரி நான் இழுத்தேன்.

அதற்கு முதலே மேட்டுத் துண்டுக்கு வேலி அடைத்துவிட்டோம், கீழ்க்காணி முழுவதையும் அடைக்கக் காசு காணாது. இளம் பயிரை மான் தின்றால் வேரோடு போய்விடும், முதல் வருடம் ஒன்றும் உள்ளே வரக்கூடாது என்று வெள்ளைக்காரர் சொல்லியிருந்தார். ஆளைவிட உயரமான கம்பு, கம்பி வலை. அது போதும் என்றார். அண்ணைக்குப் போதவில்லை. வலைக்கு மேல் நான்கு பக்கமும் கறுப்புத் துணி கட்டினார். ஊரில் தென்னோலை பின்னி அடைக்கிற கிடுகு வேலி மாதிரி. உள்ளே நின்றால் வெளி தெரியாது, வெளியே நின்றால் உள் தெரியாது. ஒழுங்கைப் பக்கம் போக வரப் பலகையில் ஒரு படலை, அதற்குக் கொளுக்கி.

"ஏனண்ணை துணி?" என்று கேட்டேன்.

"நாய் கொண்டு நடக்கிறவன் எல்லாம் நிண்டு பாத்துக்கொண்டெல்லே போறான். முளைக்கிற பயிரை நாலு பேர் பாத்தால் விளங்குமே? கண்ணூறு."

"வெள்ளைக்காரற்றை கண்ணும் படுமோ?"

"கண்ணுக்கு நிறம் என்னடா?"

படலைக்குப் பக்கத்தில் ஒரு வெருளியும் வந்தது. கடைக் காலத்தில் அண்ணை போட்ட நீல ஜாக்கெட், வைக்கோல் அடைத்த சாக்குத் தலை, அதில் கரியால் மீசை. கண்ணூறுக்குத்தான். அக்கா அதைக் கண்டு இடுப்பில் கைவைத்து நின்றா.

"இஞ்சருங்கோ, மானைக் கூப்பிட்டு விருந்து வைக்கிறம் எண்டுறியள். வாசலிலை வெருளி நிக்குது."

"அது மனிசருக்கு."

"மானுக்கு அது தெரியுமோ?"

"உமக்கு எல்லாம் பகிடி."

"எனக்கென்ன பகிடி? மீசை உங்களைப் போலத்தான் இருக்கு. நான் மானெண்டாலும் வரமாட்டன்."

அன்று எல்லோரும் சிரித்தோம். வெருளி நின்றது.

ஒரு வாரத்தில் முளைத்தது. முதலில் இரண்டு வட்ட இலை, பிறகு ஒற்றை இலை, அதற்குப் பிறகுதான் மும்மூன்றாக. வெந்தயக் கீரை என்றே நினைக்கலாம். களையும் கூட வந்தது. ஒரு களை சாம்பல் பூசினதுபோலக் கீரை மாதிரி இருந்தது. அக்கா நுனி கிள்ளிப் பார்த்துவிட்டு ஒரு மடி பிடுங்கிக்கொண்டு போய்த் தேங்காய்ப்பூப் போட்டு வறுத்தா. நல்லாக இருந்தது. அதற்குப் பிறகு களை பிடுங்க எனக்குத் துணை கிடைத்தது. மிச்சக் களை முழங்கால் உயரம் வந்ததும் மேலால் வெட்டி விட்டோம். களை அதோடு படுத்துவிடும், இந்தப் பயிர் திரும்ப எழும்பும். யூரியா போடட்டோ என்று அண்ணை இரண்டு தரம் கேட்டார். போட்டால் களைதான் கொழுக்கும், இது தனக்கு வேண்டியதைத் தானே பிடிக்கும் என்றார் வெள்ளைக்காரர். அண்ணை நம்பவில்லை. ஆனாலும் போடவில்லை.

முதல் வருடம் வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. எல்லாம் மண்ணுக்குக் கீழே நடக்கும். அந்தக் கோடையில் மான் கீழ்க்காணியில் பாதிப் போஞ்சியைத் தின்றது. அண்ணை பொறுத்தார். அக்கா கடைகளுக்குத் தொலைபேசியில் சமாதானம் சொன்னா. மாரிக் குளிர் வந்து எல்லாம் சுருங்கிக் கிடந்தது. கரவனுக்குள் என் மூச்சு புகையாகத் தெரியும். இரண்டு காலுறை போட்டுப் படுத்தேன்.

அடுத்த வருடம் அது எழும்பின மாதிரியை நான் வேறெங்கும் கண்டதில்லை. மே மாதத்தில் முழங்கால் தாண்டியது. ஜூனில் ஊதாப் பூ தலைகாட்டத் தொடங்கியது. பூக்கத் தொடங்கும்போதே வெட்டவேண்டும், முழுக்கப் பூக்கவிட்டால் தண்டு கம்பாகிவிடும். வெட்டினோம். வெட்டியதை வெள்ளைக்காரர் கட்டிக்கொண்டு போனார். அடித்தாளிலிருந்து புதுத் தளிர் வந்தது. அவர் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, இனி வேலியைக் கழற்றுங்கள், குறைந்தது காட்டுப் பக்கம் முழுவதையும் கழற்றுங்கள், இந்தத் தளிருக்குத்தான் மான் வரும் என்றார். அண்ணைக்கு அவருடைய இங்கிலீஷ் நன்றாகவே விளங்கும். ஓம் என்றார். அவர் போனதும் என்னைப் பார்த்தார்.

"வேலியைப் பிடுங்கட்டாம்."

"ஓமண்ணை. பிடுங்குவமோ?"

"வேலியில்லாத காணியும் ஒரு காணியே? பிறகு அவன்ரை எல்லை எது, எங்கடை எல்லை எது? படலையைத் திறந்து விடு. அது காணும்."

"மான் படலைக்குள்ளாலை வருமோ?"

"ஆடு வாறேல்லையே? பசிச்சால் எல்லாம் வரும்."

ஊரில் அண்ணையின் தகப்பன் ஒரு முழ வேலிக்காகப் பன்னிரண்டு வருடம் கோட்டுக்கு ஏறி இறங்கியவராம். முன்பே சொல்லியிருக்கிறார். வேலி பிரிந்தால் எல்லை போய்விடும் என்பது அவருக்குள் எலும்பு மாதிரி இருந்தது. இன்னொன்றும் இருந்தது, அவர் அதைச் சொல்லவில்லை. விடிய காணிக்கு வந்து இறங்கினால் தேத்தண்ணிக் கோப்பையோடு நேரே அங்கேதான் போவார். படலையைத் திறந்து உள்ளே போய்த் திரும்பச் சாத்திவிட்டு, முழங்கால் பச்சைக்குள் தனியே நிற்பார். பயிரை இப்படிக் கொண்டுவந்த பிறகு நாலு பக்கமும் திறந்து, மிருகமே வந்து தின் என்று விட ஒரு கமக்காரனால் ஏலாது. மானுக்காகத்தான் விதைத்தது என்று தெரியும். தெரிந்தும் ஏலாது.

படலையைத் திறந்து வைத்தோம். அந்த ஜூலை மழையே இல்லை. காட்டில் புல் மஞ்சளாகிவிட்டது, ஒழுங்கைக் கரை பொரிந்து கிடந்தது. இதன் வேர் ஆழத்தில் ஓடியிருந்தது. எட்டுப் பரப்பும் பச்சையாக நின்றது, கறுப்புத் துணிக்குள்ளே. விடிய நான் எழும்பிப் பார்க்கும்போது வேலியைச் சுற்றிக் குளம்புத் தடம் இருக்கும். மான் நாலு பக்கமும் சுற்றி நடந்திருக்கும். படலையடியில் தடம் நின்று, மண்ணைக் கொஞ்சம் கிண்டி, திரும்பியிருக்கும். ஒரே வாசல் உள்ள இடத்துக்குள் அது போகாது. வெளியேற வழி தெரியாத இடத்துக்குள் போக அதற்கென்ன விசரா? வாசலில் மீசையோடு ஒருவன் வேறு நிற்கிறான். சுற்றி நடந்த தடம் நேரே கீழ்க்காணிக்குப் போயிருக்கும். பீட்ரூட்டுக்கு.

அண்ணைக்கு அந்தத் தடத்தைக் காட்டினேன்.

"வேலியைக் கழட்டுவம் அண்ணை. காட்டுப் பக்கம் மட்டும்."

"இன்னும் கொஞ்ச நாள் பாப்பம்."

அக்காவும் கேட்டா. "அந்தத் துணியை எண்டாலும் அவிழுங்கோவன்."

"பாப்பம்."

ஓகஸ்டிலும் பார்ப்பம். செப்டம்பரிலும் பார்ப்பம். தளிர் முற்றிப் பூத்தது, வெட்டினோம், திரும்பத் தளிர்த்தது. படலை திறந்தபடி கிடந்தது. கீழே கோவாவில் நடுக்குருத்தைத் தின்றுவிட்டது. இரண்டு கடைகள் வேறு ஆளிடம் வாங்கத் தொடங்கின. அக்கா வெற்றுப் பெட்டிகளைக் கழுவி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினா. ஒருநாள் நான் துணியை அவிழ்க்கக் கத்தியோடு போனேன். அண்ணை எனக்கு முன்னமே அங்கே நின்றார். என் கையைப் பார்த்தார். நான் திரும்பி வந்து லீக்ஸுக்கு மண் அணைத்தேன்.

பெண்மானைச் சுட நவம்பர் வரை சட்டம் விடாது. நவம்பரில் அண்ணை ஆளைக் கூப்பிட்டார். அக்கா வராத ஒரு நாளைப் பார்த்துத்தான் கூப்பிட்டார். பச்சைத் தொப்பி போட்ட, மரியாதையான மனிதன். எனக்கு விடிய வணக்கம் சொன்னான். நான் கரவனுக்குள் இருந்து கேத்திலைப் போட்டேன். தண்ணீர் கொதிக்க முதல் ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தேத்தண்ணி ஊற்றினேன். பிறகு கூப்பிட்டார்கள், போய்க் காலில் பிடித்து இழுக்க உதவினேன். ஒன்று வயதானது, ஒன்று இளசு. உடம்பு இன்னும் சூடாக இருந்தது. வாயில் பீட்ரூட் இலை ஒட்டியிருந்தது. அந்த ஆள் இரண்டையும் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

மத்தியானம் என் தொலைபேசிக்கு அக்கா கோல் எடுத்தா. எனக்கு அவ அதிகம் எடுப்பதில்லை.

"தம்பி, உங்கை சத்தம் கேட்டதோ?"

"ஓம் அக்கா."

"எத்தினை?"

"ரெண்டு."

பின்னால் அவவுடைய வீட்டு வாசலில் கார் போகிற சத்தம் கேட்டது.

"சாப்பிட்டியளோ?" என்று கேட்டா.

"இன்னும் இல்லை."

"சாப்பிடுங்கோ."

அதற்குப் பிறகு அவ காணிக்கு வரவில்லை. சண்டை பிடித்ததாகத் தெரியவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். அண்ணை தானே கட்டுக் கட்டிப் பார்த்தார். தானே கடைகளுக்குக் கோல் எடுத்தார். பெட்டிகள் திரும்பி வந்தன. மான் என்னவோ கொஞ்ச நாள் வரவில்லை, பிறகு வந்தது. வான்காரத் தம்பி வாரத்தில் மூன்று நாள் வந்தவன், ஒரு நாளாக்கினான். கடைசியில், "அண்ணே, டீசல் காசுக்கும் தேறல," என்று என்னிடம்தான் சொன்னான். அண்ணையிடம் சொல்ல அவனுக்கு முகமில்லை.

மாரி முடியும்போது குதிரை வைத்திருக்கிற ஒரு பெண்ணுக்குக் காணி வாடகைக்குப் போனது. அவ வந்து எல்லாம் சுற்றிப் பார்த்தா. படலைக்குள்ளால் எட்டிப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. குதிரைக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்றாவாம். ஆனால் கம்பி வலை ஆகாது, குதிரைக் கால் சிக்கும், வேலி முழுவதும் போகவேண்டும், தானே மின்சார நாடா கட்டுவேன் என்றா. கரவனும் அவவுக்கு வேண்டும், சாமான் வைக்க. மாதக் கடைசிக்குள் நான் வேறு இடம் பார்க்கவேண்டும் என்று அண்ணை சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் கூடாரத்தைப் பார்த்தார்.

"நீ கழட்டிவிடு தம்பி. நான் வரேல்லை."

"ஓமண்ணை."

"குறடு கொட்டிலுக்குள்ளை கிடக்கு."

புறப்படுவதற்கு முதல் நாள் முழுக்கக் கழற்றினேன். துணியை அவிழ்த்துச் சுருட்டினேன், வலையை வெட்டி உருட்டினேன், கம்புகளை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். வெருளியையும் எடுத்தேன். நீல ஜாக்கெட்டின் உள் பையில் ஒரு எலி கூடு கட்டியிருந்தது. படலையைக் கடைசியாகக் கழற்றினேன். வேலி இல்லாத நிலத்தில் அது மட்டும் தனியாக நின்றதைப் பார்க்க விசராக இருந்தது. முடியும்போது எட்டுப் பரப்பும் காட்டோடு சேர்ந்து ஒரே வெளியாகக் கிடந்தது. கணுக்கால் உயரத்துக்குப் புதுத் தளிர் வந்திருந்தது.

காலையில் பையைக் கட்டிக்கொண்டு கரவனை விட்டு இறங்கினபோது மான் மேட்டுக் காணிக்குள்ளே நின்றது. ஏழெட்டு இருக்கும். நடுவில் நின்று, தலை குனிந்து, அவசரமில்லாமல் தின்றுகொண்டிருந்தது. நான் கரவன் கதவைச் சாத்திய சத்தத்துக்கு ஒன்று மட்டும் தலையைத் தூக்கியது. வாய் அசைந்துகொண்டே இருந்தது. பிறகு அதுவும் குனிந்துவிட்டது. கீழ்க்காணிப் பக்கம் ஒன்றும் திரும்பவில்லை. கீழே தின்னவும் ஒன்றும் இல்லைத்தான். ஆனால் இருந்திருந்தாலும் போயிராது என்று நினைக்கிறேன்.

தொலைபேசியை எடுத்தேன். அண்ணைக்குச் சொல்வதா, அக்காவுக்குச் சொல்வதா என்று யோசித்தேன். இரண்டு பேருக்கும் அது இனி எதற்கு? திரும்பப் பைக்குள் வைத்தேன். ஒழுங்கைக்குப் போகும் பாதை மேட்டோரமாகத்தான் போகிறது. பனிப் புல்லுக்குள்ளால் அவற்றைத் தாண்டி நடந்தேன். ஒன்றும் ஓடவில்லை.

இல்ஃபோர்டில் வான்காரத் தம்பியின் அறையில் அன்று தரையில் படுத்தேன். அவனோடு இன்னும் மூன்று பேர். அவன்தான் ஒரு ஆளிடம் சொல்லி வைத்திருந்தான். வீடுகளின் பின்வளவுக்கு வேலி போடுகிற யாழ்ப்பாணத்து ஆள். மாரிக் காற்றில் சாய்ந்த வேலிகளுக்கு ஏப்ரல் மாதம் முழுக்க வேலை இருக்கும் என்றாராம். மறுநாள் காலை அந்த ஆளின் வண்டியில் ஏறினேன். பின்னால் பலகையும் சீமெந்துக் கம்பும் அடுக்கியிருந்தது.

"முந்தி என்ன வேலை செய்தனீர்?"

"தோட்டம்."

"வேலி அடைச்சுப் பழக்கமோ?"

"ஓம்."

வரிசை வீடுகளில் ஒன்று. இரண்டு வளவுக்கும் நடுவில் துருப்பிடித்த கம்பி வலை சாய்ந்து கிடந்தது. வீட்டுக்கார அம்மா பின்கதவில் நின்று, இருக்கிறதுக்குள் உயரமான பலகை போடச் சொன்னா, அங்காலை இருக்கிறவை எந்த நேரமும் பார்த்துக்கொண்டிருக்கினமாம். அங்கால் வளவில் ஒரு கிழவர் தொட்டியில் எதையோ நட்டுக்கொண்டிருந்தார். எங்களை நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

"முதல்லை உந்தப் பழைய வலையை வெட்டி எடுக்கவேணும்," என்றார் வேலி போடுகிறவர். "குறட்டை மறந்துபோய் வந்திட்டன். கடைக்குப் போகவேணும் போல."

"என்னட்டை இருக்கு," என்று சொல்லிப் பையிலிருந்து எடுத்தேன்.